மேட்டுக்கு அப்பால்

துராஸ்னோவுக்கு வடக்கே,
யி ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு மேடு.
முக்கி முனகி ஏறிவிடும் என் ஆஸ்டின்.
ஏறி முடித்து, சாலை சமமாகி,
அப்பாடா என்று நான் காலைத் தளர்த்தினால்
அந்த இடத்தில் அணைந்துபோகும்.
ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினால்
ஒன்றுமே நடக்காததுபோல் உடனே பேசும்.
அடுத்த பர்லாங்கில் மறுபடி மௌனம்.

ஐம்பத்தொன்றாம் வருடத்து வண்டி.
விற்றவன் என் மைத்துனன் அன்செல்மோ.
"பழுது வண்டியில் இல்லை, உன் காலில்" என்றான்.
எட்டு மாதமாகிறது நாங்கள் பேசி.

மாற்றாதது எதுவுமில்லை.
பிளக் நான்கு, காயில், ரோட்டார்.
புதுக் கண்டன்சர் மூன்றே நாளில் செத்தது;
குப்பையைக் கிளறிப்
பழையதையே எடுத்துப் பூட்டினேன்.
பாயிண்டின் கரிந்த முகத்தைத் தேய்த்துத் துடைத்து
இடைவெளியில் அளவுத் தகட்டைச் செருகினேன்.
போகவும் வேண்டும், போகத் தயங்கவும் வேண்டும்,
அதுதான் சரியான அளவு.

ஜூலைக் குளிரில் ஒரு ராத்திரி
கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு
டெல்மிராவை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசலிருந்தால்
இருட்டில் நீல நூல் ஊருமாம்.
எதுவும் ஊரவில்லை.
ஒயரை எஞ்சின் உடம்பருகே பிடித்தால்
பொறி சடக் சடக்கென்று தாவுகிறது,
குறை சொல்ல இடமில்லாத பொறி.
வைத்தியரைக் கண்டதும் இறங்குகிற காய்ச்சல்.
"விற்றுவிடு" என்றாள்.
"யாருக்கு?" என்றேன்.
அதற்குமேல் அவளிடமும் பதிலில்லை.

பிறகு மாத்தே கலந்து கொண்டுவந்தாள்.
சுரைக்குடுவையை வாங்கி
உலோகக் குழலில் வாய் வைத்து
ஒரு மிடறு உறிஞ்சினேன்.
கசப்பு நாக்கைத் தொடும்போதுதான்
கண் அந்த இன்னொரு குழாயில் போய் நின்றது.
கார்ப்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும்
பென்சிலைவிட மெல்லிய குழாய்.
அதையும் எஞ்சின் உறிஞ்சத்தானே செய்கிறது?
நிற்கும்போது அல்ல. மேடேறும்போது அல்ல.
சமதரையில், கால் தளர்ந்த பிறகு.

மூடியைக் கழற்றிச் சோதனை விளக்கை மாட்டினேன்.
எரிந்தது.
குழாயைப் பிடுங்கி என் வாயிலே வைத்து உறிஞ்சினேன்.
உள்தட்டு ஒரு மயிரளவு திரும்பியது.
விளக்கு அணைந்தது.
விட்டேன், எரிந்தது.
உறிஞ்சினேன், அணைந்தது.
டெல்மிரா குடுவையோடு நின்று சிரித்தாள்:
"எதில் சுவை அதிகம்?"

பாயிண்டுக்குப் போகும் விரல்நீள ஒயர்.
மேலே துணியுறை முழுசாக, பளபளப்பாக.
உள்ளே செம்பு அறுந்து
முனையும் முனையும் உரசிக்கொண்டு கிடந்தது,
தட்டு அசையாதவரை
சேர்ந்திருப்பதாகக் காட்டிக்கொண்டு.
நாலு பிளக்கும் ஒரு காயிலும் வாங்கிய காசு
எங்கே போனதென்று கேட்காதீர்கள்.
பழைய டெலிபோன் ஒன்றிலிருந்து
வளைகிற ஒயராகப் பார்த்து வெட்டிப் பற்றவைத்தேன்.

விடிந்ததும் கிளம்பினேன்.
பாலம். மேடு. சமதரை.
காலைத் தளர்த்தினேன்; முதுகு தானாக முன்னே சாய்ந்தது,
வண்டியைத் தள்ளுகிறவன்போல.
அணையவில்லை.
இருபுறமும் பனி போர்த்திய புல்வெளி,
நான் இதுவரை இந்த வண்டியில் பார்க்காத மாடுகள்,
பார்க்காத காற்றாலை,
ஆறு மைல், ஏழு மைல்.
அங்கே அணைந்தது.

இறங்கி மூடியைத் திறந்தேன்.
பொறி இருந்தது. ஒயர் இருந்தது.
வெகுநேரம் கழித்துத்தான் டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன்.
காய்ந்த குச்சியாகவே வெளியே வந்தது.
இத்தனை தூரம் ஓடும் என்று
நானே நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது.

பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு பண்ணைவீடு.
காலி டின்னோடு நடந்தேன்.
நாய் குரைத்தது, பிறகு அடையாளம் கண்டு வாலாட்டியது.
அன்செல்மோ கதவைத் திறந்து
டின்னைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான்.
"எதுவரைக்கும் வந்தது?" என்றான்.