கிளுவைக் கணக்கு

பானைக்கு இரண்டு ஓட்டை.
கண் வரும் இடமாகப் பார்த்து
ஆணியால் சுரண்டிச் சுரண்டி நானே போட்டது.

நாலு நாள் முன்னமே பத்துப் பானைகளைக்
கண்மாயில் மிதக்க விட்டுவிடுவோம்.
முதல் நாள் வாத்து விலகிப் போகும்.
இரண்டாம் நாள் கொத்திப் பார்க்கும்.
மூன்றாம் நாள் அதை ஒட்டியே உறங்கும்.
நாலாம் நாள் பதினோராவது பானைக்குள்
என் தலை இருக்கும்.

தண்ணிக்கடியில் இரண்டு காலையும் பிடித்து
ஒரே இழுப்பு.
பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது,
முங்கியது போலத்தான் இருக்கும்.
எழும்பி வருமென்று
அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடக்கும்.

பெருமைக்குச் சொல்லவில்லை.
கேட்டார்கள், சொன்னேன்.

கேட்டது ஹஜிரா.
தை பிறந்த மூன்றாம் நாள் விடிகாலை
கல்லூரி வேனில் வந்த ஐந்து பேரில் ஒருத்தி,
கழுத்தில் பைனாகுலர், கையில் அட்டை.
எனக்கு நானூறு ரூபாயும் டிபனும்.
செம்பட்டான் கண்மாய்க்கு
எந்தக் கரை வழி போனால் பறவை கலையாது என்று
காட்டிக் கொடுக்க வேண்டும்.
காட்டினேன்.
அதே வழிதான்.

இந்த வருஷம் தண்ணிக்குக் குறைச்சல் இல்லை.
கலுங்கு மறுகால் போய்
ரிங் ரோட்டுப் பாலம் வரைக்கும் நுரை.
இவ்வளவு தண்ணியை
இவ்வளவு வெறுமையாக நான் பார்த்ததில்லை.

முக்குளிப்பான் ஒன்பது.
நாமக்கோழி இருபத்திரண்டு.
நீர்க்காகம் நாற்பது
(மீன் குத்தகைக்காரர் வெடி போட்டதும், ஒன்றுமில்லை).
கிளுவை...
ஹஜிரா கண்ணாடியை இடமிருந்து வலம் ஓட்டினாள்,
பிறகு வலமிருந்து இடம்.
அட்டையில் ஒரு கோடு போட்டாள்.
சுழிகூட இல்லை. கோடு.

'முன்ன நிறைய இருந்துச்சாண்ணே?'
கண்மாய் கறுத்துக் கிடக்கும் என்றேன்.
அதை எழுத முடியாதாம்.
எண் வேண்டும்.

எண் என் இடுப்பில் இருந்தது.
ஏன் சொருகிக்கொண்டு போனேன் என்று தெரியாது,
ஒச்சப்பன் எழுதிய நாற்பது பக்க நோட்டு.
நாங்கள் நாலு பேர் பிடிப்போம்,
அவன் விற்பான், கணக்கும் அவனே.
தொண்ணூற்று மூன்று,
மார்கழி 6. கிளுவை 17, ஊசிவால் 4.
மார்கழி 7. கிளுவை 23. கடும்பனி.
மார்கழி 9. ஏட்டையா 2. பாக்கி.
திருமங்கலம் புரோட்டாக் கடை 12. ரொக்கம்.
போகி. கிளுவை 41. பானை ஒன்று உடைந்தது.
தொண்ணூற்று ஒன்பதோடு எழுத்து நிற்கிறது.
ஒச்சப்பன் திருப்பூருக்குப் போய்விட்டான்.

வழக்கு ஏதும் வருமா தாயி என்று கேட்டேன்.
சிரித்தாள். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாள்.
இப்படி ஒரு பதிவு வேறெங்கும் கிடைக்கவில்லை என்றாள்.

செத்ததுதான் இதில் இருக்கிறது,
பறந்து போனதை யாரும் எழுதவில்லையே என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, 'இது போதும்ணே.'

நாங்கள் பிடித்தா தீர்ந்தது?
வாய் வரைக்கும் வந்தது.
அந்தக் கரையில் வீட்டுமனைக்காரன் நட்ட விளக்குகள்
விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தன.
வடக்கே, அவை கிளம்புகிற பனி நாட்டில்
என்ன நடந்ததோ.
அவள் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும்
நான் வீட்டுக்கு இதே கரையில்தான் நடக்க வேண்டும்.
கேட்கவில்லை.

வேனில் ஏறிவிட்டார்கள்.
மடைக்குப் பக்கத்தில்,
அன்றைக்கு நான் நின்ற இடத்தில்,
தண்ணி ஒரு தரம் சுழித்து அடங்கியது.
கெளுத்தியாக இருக்கும்.
ஆனாலும் முங்கியது போலத்தான் இருந்தது.

'அண்ணே, இட்லி ஆறுது' என்று கூப்பிட்டார்கள்.
இந்தா வாரேன் என்றேன்.
அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு.