நூற்றுப்பத்தாவது வரி

ஈஸ்டர் ஞாயிறு ட்ராம் ஓட்ட
யாருக்கும் மனம் வராது.
நான் ஓட்டுகிறேன் என்றேன்.
பதிலுக்கு மார்ச் கடைசிச் சனியின் இரவு,
மறுநாள் பகல் முழுக்கத் தூக்கம்.
லோரிங்ஸ் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.
ஏமாற்று ஒன்றுமில்லை, லோரிங்ஸ்.
ஈஸ்டர் எப்போதும் பௌர்ணமியின் வாலைப் பிடித்தே வரும்,
நிலா இருக்கும் வானத்தில் எனக்கு வேலையில்லை.
அமாவாசை உனக்கு வெறும் இருட்டு,
எனக்கு அதுதான் திருநாள்.

அப்புறம் பட்டியல்.
மெசியே எண்கள் நூற்றுப்பத்து, ஒரே இரவில்.
எண் வரிசையில் போனால் பாதியும் தேறாது.
மேற்கே விழப்போவதை முதலில் பிடிக்க வேண்டும்,
கிழக்கே எழுவது தானே வந்து நிற்கும்.
புல்ச்சூ பல் மருத்துவர்,
நோயாளிகளுக்குப் போல் நட்சத்திரக் கொத்துகளுக்கும்
நேரம் ஒதுக்கி அட்டவணை அனுப்பினார்:
ஏழு நான்குக்கு எழுபத்தேழு,
ஏழு ஏழுக்கு எழுபத்துநான்கு.
கன்னி ராசியின் கேலக்ஸி நெரிசலில்
வழி தவறுவதற்கென்றே
தனியாக இருபது நிமிடம்.

மூன்று வானிலைக் கணிப்புகள்
மூன்று வேறு வானங்களைக் காட்டின.
எமோகெ மூன்றையும் மூடிவிட்டு
மீன்குளங்களைப் பற்றிக் கவலைப்பட்டாள்.
காற்று நின்றால் குளத்திலிருந்து மூடுபனி கிளம்பும்,
காற்று மிஞ்சினால் தொலைநோக்கி ஆடும்.
எங்களுக்கு வேண்டியது
ஒரு நாணல் மட்டும் அசைகிற அளவு.

காரின் உள்விளக்கைக் கழற்றினேன்.
டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டினேன்.
பேட்டரி குளிரில் செத்துவிடும்,
அதைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டேன்.
பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி, வெங்காயம்,
ஃபிளாஸ்கில் தேநீர்.
ஐந்து மணிக்கே ஹோர்தோபாஜ் புல்வெளியில்
கண்ணாடியை வெளியே வைத்து ஆறவிட்டோம்.
கொக்குகள் கூட்டமாகக் கத்தியபடி
குளத்துக்குப் போயின,
அவற்றுக்கும் ஓர் அட்டவணை உண்டு போல.

எழுபத்தேழு கிடைத்தது.
எழுபத்துநான்கு அந்தி வெளிச்சத்தில் கரைந்தது.
முதல் பக்கத்திலேயே ஒரு வெற்றுக் கட்டம்!
புல்ச்சூ பல்லைக் கடித்தார்
(தன் நோயாளிகளை அவர் கடிக்க விடமாட்டார்).
கார்த்திகை மட்டும் கண்ணுக்கே தெரிந்தது.
இங்கே அதைக் குஞ்சுகளோடு திரியும் கோழி என்போம்.
எமோகெ அதற்கொரு டிக் போட்டு
ஆறுதல் பரிசு என்றாள்.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு ஜீப்,
முழு வெளிச்சத்தோடு.
காவல்காரர் இறங்கிவந்து
பறவைகளைத் தொந்தரவு செய்கிறீர்களா என்று கேட்டார்.
மூவரும் கண்ணைப் பொத்திக்கொண்டு
இல்லை என்றோம்.
அவர் போன பிறகு
இருட்டு எங்களுக்குத் திரும்பிவர அரை மணி.
அந்த அரை மணிதான் அட்டவணையில் இல்லாதது,
ரொட்டி தீர்ந்ததும் அப்போதுதான்.

நல்லபடியாகக் கன்னியைக் கடந்தோம்.
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது...
திடீரென்று புல்ச்சூ அலறினார்,
மணி மூன்று, மணி மூன்று,
ஒரு மணி நேரம் எங்கே போனது?
இரண்டாகிற போது கைபேசி
கோடைகாலத்துக்குத் தாவியிருந்தது.
ஆறு வாரம் திட்டமிட்ட மூவரில் ஒருவருக்கும்
அது நினைவில் இல்லை.
எமோகெ சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்தவே இல்லை.
வானத்தில் விருச்சிகம்
தன் பழைய நேரத்துக்கே ஏறிக்கொண்டிருந்தது.
அட்டவணையின் எல்லா எண்ணோடும்
ஒன்றைக் கூட்டிக்கொண்டு தொடர்ந்தோம்.

கடைசி வரி, முப்பது.
எங்கள் அட்சரேகையில் மார்ச்சில் அது கிடைக்காது,
வெளுப்புக்குள் எழுந்து
வெளுப்புக்குள்ளேயே காணாமல் போகும்.
புல்ச்சூ அதற்கு நேரம் போடுவதில்லை, வெறும் கோடு.
நான் மட்டும் பென்சிலால்
ஒவ்வொரு வருடமும் நேரம் எழுதுகிறேன்,
ஒவ்வொரு வருடமும் தொலைநோக்கியை அங்கே திருப்பி
வெறும் வானத்தைப் பார்க்கிறேன்.
இம்முறை அங்கே மூடுபனிகூட இருந்தது.
ஒரு கொக்கு குறுக்கே போனது, தலைகீழாக.

நூற்றாறு.
வீட்டுக்குப் போகும் வழியில் எமோகெ தூங்கிவிட்டாள்.
அடுத்த மார்ச்சின் அமாவாசை என்றைக்கென்று
நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன்.
புதன்கிழமை.
லோரிங்ஸிடம் இனி எதைக் கொடுத்து வாங்குவது?
கிறிஸ்துமஸ் ஒன்று மிச்சமிருக்கிறது.