ஐஸ்பழத்துக்குப் பக்கத்தில்

குருநகர் கிளினிக். வெளியில் இன்னும் நாற்பது பேர்.
கையில் புதுப் படிவம்.
தண்ணீர்? "பவுசர் வந்தால்."
வேலை? "இறால் உரிக்கிறது. அதுவும் வந்தால்."
வீடு சொந்தமோ?
எமல்டா சிரித்தாள்.

சீனி முந்நூற்றுப் பத்து.
போனமுறை இன்சுலினைக் கூட்டியதும்
'ஒழுங்காய்ப் போடுவதில்லை' என்று
அவளின் கொப்பியில் சிவப்பில் எழுதியதும்
நான்தான்.

குளிர்சாதனப் பெட்டி?
"இருக்கு டொக்டர், அருள்நேசன்ரை கடையில.
ஐஸ்பழத்துக்குப் பக்கத்திலதான்
என்ரை மருந்து."

'ஆம்' என்று புள்ளடி போட்டு
பேனை அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"கடையில நாலாயிரம் கடன்.
அந்தப் பக்கம் போய்
ரெண்டு கிழமை."

ஆம், இல்லை.
இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை அந்தக் கடை.
ஊசியின் அளவைத் தொடாமல்
ஓரத்தில் கடைக்காரனின் பெயரை எழுதினேன்,
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்
அதன் கீழே ஒரு கோடு.