தட்டில் ஒட்டியது

ஆகஸ்ட் மாதம் டுலூத் நகரத்தில்
காரைப் பூட்டாமல் விட்டுப் போகக் கூடாது.
திருட மாட்டார்கள்.
திரும்பி வருவதற்குள் யாராவது
பின் சீட்டில் சுக்கினிக் காய்களை
வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

எனக்கு ஆர்லிஸ் வைத்தது ஏழு,
ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.

சனிக்கிழமை வெர்லினுக்கு விருந்து.
கணவரின் அண்ணன்.
இரும்புத்தாது ஏற்றும் கப்பலில்
முப்பத்தோரு வருடம் சமையல்காரர்.
சுப்பீரியர் ஏரி தூக்கித் தூக்கிப் போட்ட அடுப்படியில்
இருபது பேருக்கு மேல், மூன்று வேளையும்.
இப்போது கரையிறங்கிவிட்டார்.
முழங்கால் சொல்லிற்று, அவர் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு நான் சமைத்துப் போடுவதா?
"சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டு"
என்கிறார் கிளேட்டன்.
கிளேட்டனுக்கு உலகமே
பிரித்துக் கொட்டுகிற சமாசாரம்.

மூன்று காயைத் துருவினேன்.
உப்புப் பிசறி வடிதட்டில் வைத்தேன்.
பத்து நிமிடம் கழித்து
பழைய துண்டில் கட்டிப் பிழிந்தால்
ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர்.
இன்னொரு முறை பிழிந்தால் அரை டம்ளர்.
இத்தனை தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டா
காய் என்று பெயர் சொல்லித் திரிந்தாய் நீ?
கடைசியாகக் கிளேட்டனைக் கூப்பிட்டேன்.
மூச்சைப் பிடித்துப் பிழிந்தார்.
மூன்று தேக்கரண்டி வந்தது.
பதக்கத்துக்குக் காத்திருப்பவர்போல் நின்றார்.

முழங்கை முழங்கையாய் இருந்தது
இரண்டு கைப்பிடியாகி
கிண்ணத்தின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது.
கேரட், வெங்காயத்தாள், முட்டை இரண்டு,
ரொட்டித் தூள், மிளகு.
செடார் சீஸில் பாதி கலவைக்கு,
பாதி மேலே தூவ என்று குறிப்பில் இருந்தது.
என் பாதி எப்போதுமே
கொஞ்சம் பெரிய பாதி.

மஃபின் தட்டில் இருபத்து நான்கு குழி.
கலவை இருபத்திரண்டோடு தீர்ந்தது.
காலிக் குழி தீய்ந்துபோகாமலிருக்க
தண்ணீர் ஊற்ற வேண்டும்.
பிழிந்த அந்தப் பச்சைத் தண்ணீரையே ஊற்றினேன்.
வெளியே போ என்று விரட்டியதை
வேறு வேலைக்குக் கூப்பிட்டேன்.

ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குந்தி இருபது நிமிடம்.
சீஸ் முதலில் வியர்த்தது,
பிறகு கொப்பளித்தது,
பிறகு குழியின் கரை தாண்டி வழிந்து
பழுப்பாய்ச் சரிகை கட்டியது.

வந்தவர்கள் பதினைந்து பேர்.
வெர்லின் ஒன்றை எடுத்தார்.
வாயில் போடவில்லை,
கவிழ்த்து அடியைப் பார்த்தார்.
எனக்குக் காது சூடாகிவிட்டது.
அப்புறம்தான் கடித்தார்.
"மோசமில்லை" என்றார்.
இந்த ஊரில்
அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது.
கல்யாண மேடையில்கூட அதையேதான் சொல்வார்கள்.

கடைசி ஒன்றை யாரும் எடுக்க மாட்டார்கள்.
ஆர்லிஸ் பாதியாக வெட்டி எடுத்தாள்.
அந்தப் பாதியில் பாதியைப் பாதிரியார்.
அதிலும் பாதியை யாரோ.
தட்டில் கடைசியாக நின்றது
ஒரு கேரட் துருவலும் அனைவரின் நாகரிகமும்.

அப்போதுதான் கவனித்தேன்,
விருந்துக்கு உரியவரைக் காணோம்.

சமையலறையில் இருந்தார்.
அசையாத தரையில்
காலை அகட்டி ஊன்றி நின்று,
மஃபின் தட்டைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து,
வழிந்து ஒட்டிய சீஸ் சரிகையைக்
கரண்டிக் காம்பால் பெயர்த்துத்
தின்றுகொண்டிருந்தார்.
மாட்டிக்கொண்ட பையனின் முகம், அறுபத்து மூன்று வயதில்.

"கப்பலில் இதை ஒருத்தனுக்கும்
கொடுத்ததில்லை" என்றார்.
பெரிய துண்டு ஒன்றை
என் பக்கம் நீட்டினார்.
மொறுமொறுவென்று, லேசாய்க் கசந்து,
உப்பாய் இருந்தது.

துறைமுகத்துப் பக்கமிருந்து
ஒரு நீண்ட சங்கு, இரண்டு குட்டை.
கரண்டி நின்றது.
பாலம் பதில் சொல்லி முடிக்கும்வரை
நின்றது.

பிறகு அடுத்த குழிக்குப் போனார்.
இன்னும் பதினொன்று இருந்தது.
நானும் ஒரு கரண்டி எடுத்தேன்.