ஈரப்பதம்

தை பிறந்து பத்து நாள்.
கொள்முதல் நிலைய வாசலில்
பக்கிரிசாமியின் நெல் நாலு நாளாகக் காய்கிறது.
ஒரு பிடி அள்ளிக் கருவியில் போடுகிறேன்.
பத்தொன்பது புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல எடுக்க முடியாதுங்க என்கிறேன்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம்
அவருக்கும் கேட்டிருக்கும்.

வாயை அளக்கக் கருவி இல்லை.
இருந்தால் முதல் பிடியிலேயே தேறிவிடுவேன்.

ராத்திரிக்கு ஒரு மாத்திரை. வெள்ளை, நடுவில் கோடு.
ஆடியிலிருந்து.
ஐப்பசியில் ஒரு விடியலில் இருமினேன்,
உள்ளங்கையில் விழுந்தது
நொய்யளவு கல்.
நசுக்கினால் நசுங்கியது.
மழையில் மாட்டிய அட்டியின்
அடிமூட்டை நாற்றம்.
மங்களேஸ்வரியிடம் சொல்லவில்லை.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தேன்.
அவள் வேறு எதையோ நினைத்திருப்பாள்.

திருவாரூரில் தொண்டை டாக்டர் ஷகிலா
நெற்றி விளக்கோடு எட்டிப் பார்த்தார்.
"டான்சில் குழியில சேந்து இறுகுது.
சோத்துத் துணுக்கு, கிருமி, சுண்ணாம்பு.
பயப்பட ஒண்ணுமில்ல. வேற மாத்திரை ஏதும்?"
கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னேன்.
"வாய் காயுதா?"
காயுது.
"எச்சில் கொறைஞ்சா கழுவிவிட ஆளில்ல. இருக்கலாம்.
ஆனா இதுதான் காரணம்னு எழுதித் தரமாட்டேன்.
ஒரு மாத்திரையும் போடாதவங்களுக்கும் வருது.
நீங்களா நிறுத்திடாதீங்க."

இருக்கலாம்.
கொரடாச்சேரி வரைக்கும் பஸ்ஸில்
அந்தச் சொல்லை இந்தக் கடைவாய்க்கும் அந்தக் கடைவாய்க்குமாக
ஒதுக்கிக்கொண்டே வந்தேன்.
என் பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

முறைத் தண்ணீர் நின்றால்
கடைமடை மதகில் பாசியும் பாட்டிலும் சேர்கிறது.
சரி.
தண்ணீர் புரண்டோடும் வருசத்திலும்
ஏதோ சேரத்தான் செய்கிறது.
வாய்க்காலுக்குப் பெயரிலேயே வாய்.
அதுவும் ஒன்றும் சொல்வதில்லை.

யாரையும் கேட்காமல் நிறுத்தினேன், மூன்று நாள்.
வாயில் ஈரம் ஊறியதா என்று தெரியாது,
கண்ணில் ஊறியது.
சாக்கு எண்ணும்போது முப்பத்தேழுக்கு அப்புறம்
எண் வரவில்லை.
போன வைகாசியில் மூணாறு தலைப்பில்
சைக்கிளைச் சாய்த்துவிட்டு
இருட்டும்வரை நின்றவன்
பின்னால் வந்து நின்றான்.
அன்றைக்கு ஆற்றில் வெறும் மணல்.
தண்ணீர் திறக்க ஒரு வாரம் இருந்தது.

நாலாம் நாள் காலை
டீ டம்ளர் பக்கத்தில் மாத்திரை அட்டை.
"மூணு கூடுது" என்றாள்.
அவ்வளவுதான்.
இருப்புச் சரிபார்க்க என் வீட்டிலும் ஆள் இருக்கிறது.
எல்லாம் சொன்னேன், நாற்றத்தையும்.
"அதுக்கா செவுத்தப் பாத்துப் படுத்தீங்க?"
சிரித்தாளா என்று இருட்டு அடுப்படியில் தெரியவில்லை.
எழுதித் தந்த டாக்டரிடம் வெள்ளிக்கிழமை போகிறோம்.
அளவைக் குறைக்கலாம், மாற்றலாம்,
அப்படியே விடலாம்.
அதுவரை உப்புத் தண்ணீர்,
கூடவே ஒரு பாட்டில்.

பக்கிரிசாமியின் நெல் இன்று பதினாறு புள்ளி எட்டு.
தைக்குமுன் சாக்கில் கையை விட்டுத் துழாவுகிறேன்.
ஒரு கல் அகப்படுகிறது.
எந்த வயல், எந்தக் களம், எந்த வண்டி?
கொஞ்சநேரம் வைத்துப் பார்த்துவிட்டு
வேலியோரம் வீசுகிறேன்.
"ஏத்துங்க."
"தண்ணி குடிங்க சார்," என்கிறார் அவர்,
"வாய் ஒட்டுது."