ஆறாம் ஃபிரெட்

ஜி தந்தியில் ஆறாம் ஃபிரெட்டை அழுத்தினால்
கிணற்றில் போட்ட கல்.
ஒரு ‘தும்’. அவ்வளவுதான்.
ஐந்தில் சுரம் நின்று விளையாடும்,
ஏழில் பேருந்து போன பிறகும் தங்கும் புகைபோல் தங்கும்.
நடுவில் இந்த ஆறு மட்டும்
பேச வாயெடுத்துவிட்டு
‘ஒன்றுமில்லை’ என்று திரும்பிக்கொள்கிற ஆள்.

டுலூத். ஜனவரி. ஏரி கரையோரமாக உறைந்திருந்தது.
பகலில் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவேன்,
இரவில் நாலு கிலோ மரத்தைத் தோளில் மாட்டிக்கொள்வேன்.

முதலில் தந்தியைச் சந்தேகித்தேன்.
நாற்பது டாலருக்குப் புதுத் தந்தி. அதே ‘தும்’.
பிறகு பிக்கப்பின் உயரத்தை, பாலத்தின் திருகுகளை,
ஒரு வாரம் முழுக்க என் நடுவிரலை.

மாரிட் ஸ்டென்ருட் பனிவண்டி எஞ்சின் பழுதுபார்ப்பவள்,
கிட்டாரும் பார்ப்பாள், அதே மேசையில், அதே கிரீஸ் கையோடு.
தந்தியைத் தட்டினாள். என் உள்ளங்கையை இழுத்து
கழுத்தின் முதுகில் வைத்தாள்.
தந்தி அடங்கிவிட்டது. மரம் அடங்கவில்லை,
காய்ச்சல்காரன் முதுகுபோல் உள்ளுக்குள் நடுங்கியது.
“சாகவில்லை, இங்கே குடிவந்துவிட்டது.
இந்த ஒரு சுரத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒத்துப்போகிறது.”
ஒத்துப்போவதால்தான் களவா?
“வேறு கழுத்து வாங்கு. இல்லை, வேறு பாட்டு பாடு.”
பதினைந்து டாலர் வாங்கிக்கொண்டாள்.

தலையில் ஓர் இரும்புக் கிளாம்ப் மாட்டிப் பார்த்தேன்.
ஆறு பிழைத்தது.
பூனை குட்டியைக் கவ்விப்போவதுபோல்
ஊமை ஐந்துக்கு இடம் மாறியிருந்தது.
எங்கள் பாட்டுகளில் ஐந்துதான் அதிகம். கழற்றிவிட்டேன்.

நிலவறையில் தலையைச் சுவரோடு அழுத்தி வாசித்தேன்.
ஆறு முழங்கியது! கூடவே சுவரும்,
மேல்வீட்டுச் சலவை இயந்திரத்தின் மேலிருந்த சில்லறை டப்பாவும்.
முட்டிக்கொள்ள ஒரு சுவர் கிடைத்தால் போதும் இதற்கு.
எனக்கும்தான்.

மேடைக்குச் சுவரைக் கொண்டுபோக முடியாது.
அதனால் டெல்பின் பாட்டின் கடைசி வரியில்
டி தந்தியின் பதினொன்றுக்குத் தாவப் பழகினேன்.
அதே சுரம், கம்பளிச் சட்டை போட்ட குரலில்.
பதினேழு இரவு தாவினேன். யாருக்கும் தெரியாது.

பதினெட்டாம் இரவு ஹீட்டர் கெட்டிருந்தது.
விரல்கள் விறைத்து
கை போகவில்லை.
ஆறிலேயே விழுந்தது.

தும்.

நாலு தாளக்கட்டு நீள வேண்டிய இடத்தில் தரை இல்லை.
ஏணியை எடுத்துவிட்ட பிறகு கூரையில் நிற்பவள்போல்
டெல்பின் குரல் மட்டும், தனியாக, மேலே.
ஆர்வெட் தூக்கிய குச்சியைத் தூக்கியபடியே வைத்திருந்தார்.
முன்மேசைக்காரன் கிளாஸை உதட்டருகே மறந்துவிட்டான்.
ஐஸ் விரிசல்விடும் சத்தம் கேட்டது,
அவன் கிளாஸிலா வெளியே ஏரியிலா, தெரியவில்லை.

வேனில் சாமான் ஏற்றும்போது டெல்பின் வந்தாள்.
திட்டுவாள் என்று கேபிளைச் சுருட்டுவதில் மும்முரமானேன்.
“அந்த இடத்தில் நிறுத்தினாயே,
அதை அப்படியே வைத்துக்கொள்.
எப்படித் தோன்றியது உனக்கு?”
தோன்றியது, என்றேன்.

மார்ச்சில் கழுத்தை மாற்றினேன்.
மாரிட்தான் பூட்டினாள், கிரீஸ் ரேகையும் இலவசம்.
இருபது ஃபிரெட்டும் இப்போது சொன்னபடி கேட்கும்.
ஆறு மணிபோல் நீள்கிறது, நீண்டுகொண்டே போகிறது,
ஒவ்வொரு இரவும் அந்தக் கடைசி வரியில்
உள்ளங்கையை வைத்து
நானே அதை அமுக்க வேண்டியிருக்கிறது.
சில நாள் கை பிந்திவிடும்.
டெல்பின் திரும்பிப் பார்ப்பாள், என்ன ஆயிற்று என்று.

ஒன்றுமில்லை, என்பேன்.