மேலங்கி அறை

மூர்மன்ஸ்கில் ஆறு வாரமாய்ச் சூரியன் விடுப்பில்.
துறைமுகத்துப் பாரந்தூக்கியின் விளக்குதான் பகல்.
தெருவில் எல்லாரும் ஒரே ஆள்:
கறுப்பு மேலங்கி, கறுப்புத் தொப்பி,
நடுவில் புகைவிடும் ஒரு மூக்கு.
ஆள் பாதி ஆடை பாதி என்பது
வெயில் அடிக்கிற ஊர்க் கணக்கு.
இங்கே ஆள் அரைக்கால்.

நான் கபித்தலீனா,
மருத்துவமனை வாசலில் மேலங்கி வாங்கி மாட்டுகிறவள்.
அங்கி கொடுத்தால் எண்போட்ட வில்லை,
வில்லை கொடுத்தால் அங்கி.
கழுத்தடியில் மாட்டுகிற வளையம் அறுந்திருந்தால்
ஒரு திட்டு இலவசம்.

சம்பளச் சீட்டில் வராத ஒன்று உண்டு:
பொத்தான்கள் கழலும் அந்த அரை நிமிடம்.

டிராலிபஸ் ஓட்டுகிற ரிம்மா
வியாழன்தோறும் ரத்த அழுத்தம் பார்க்க வருவாள்.
கறுப்பு நழுவும், உள்ளே
கடுகுப்பூ மஞ்சளில் ஒரு சட்டை.
“எங்கே கல்யாணம்?” என்றேன் முதல் தடவை.
“சுருட்டிவிடச் சுலபமான கை, அதான்.”
பொய்.
ஒரு கைக்கு ஒன்பது பொத்தான்.
நர்ஸ் ஒவ்வொன்றாய்க் கழற்றி முடிப்பதற்குள்
இவளுக்கு அழுத்தம் இறங்கிவிடும்,
நர்ஸுக்கு ஏறிவிடும்.

விசேவோலத்
பனியுடைக்கும் கப்பலில் சமையல்காரராய் இருந்தவர்.
நெஞ்சு எக்ஸ்ரேக்கு டை கட்டி வந்தார்,
கருநீலத்தில் குட்டிக்குட்டி நங்கூரங்கள்.
“எப்படியும் கழற்றச் சொல்வார்களே?”
“கழற்றச் சொல்லும்போது
கழற்றுவதற்கு ஏதாவது வேண்டாமா, அம்மா?”
ஆனால் அவருடைய ஷூ!
முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.
அதன்மேல் மருத்துவமனையின் நீல பிளாஸ்டிக் உறையை
மாட்டவேண்டும், சட்டம்.
குனிந்து மாட்டுவார்
யாருக்கோ கண்ணை மூடிவிடுகிறவர் மாதிரி.

எல்லாரும் அப்படியில்லை.
ஒருவன் அங்கியைக் கழற்றினான், உள்ளே சாம்பல் ஸ்வெட்டர்,
அதற்குள் இன்னொரு சாம்பல், அதற்குள்ளும்.
வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன்.
அவன் வந்தது பல் பிடுங்க.
வலியில் இருக்கிறவனை நிறம் கேட்பது
என் கெட்ட பழக்கம்.

என் கதைக்கு வருகிறேன்.
மேசை என் இடுப்புவரை.
மேலே நிர்வாகம் கொடுத்த நீலச் சீருடை.
மேசைக்குக் கீழே
மூன்று விரல் குதிகாலோடு ஒரு ஜோடி சிவப்பு.
ஃபிரிட்ஜ் பழுது பார்க்க வைத்திருந்த காசு அது.
பாலையும் மீனையும் பைகட்டி
ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன்;
ஊரே ஃபிரிட்ஜாய் இருக்கும்போது
தனியாய் எதற்கு ஒன்று?

எட்டு மணிநேரம் நின்றால் கணுக்கால் கத்தும்.
கத்தட்டும்.
மற்ற வலியெல்லாம் தானாக வந்தவை,
இது நான் கடைக்குப் போய், அளவு பார்த்து வாங்கியது.

மூன்று வருடம் ஒருவரும் பார்க்கவில்லை.
பார்க்கவேண்டும் என்று நானும் நினைக்கவில்லை
என்று சொல்லத்தான் ஆசை.

போன செவ்வாய், உஸ்தினியா என்று ஒரு வாண்டு,
பால்பல் ஆடுகிற வயசு,
நூற்றுப்பதினான்காம் எண் வில்லையை உருட்டிவிட்டாள்.
மேசைக்கடியில் போனது வில்லை,
பின்னாலேயே இவளும்.
சத்தமே இல்லை. அம்மாக்காரி கூப்பிட்டாள், இரண்டு தரம்.
அடியிலிருந்து குரல் வந்தது:
“இந்த அம்மாவுக்குக் கீழே தீப்பிடிச்சிருக்கு!”

வரிசை மொத்தமும் மேசைமேல் எட்டியது.
விசேவோலத் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
ரிம்மா விசிலடித்தாள், டிராலிபஸ்காரி விசில்.
எனக்குக் காது வரைக்கும் சூடு.
வெட்கமா என்றால் அதுவும்,
யாரோ என் டப்பாவைத் திறந்து
கடைசி மிட்டாயை எடுத்துவிட்ட எரிச்சலும்.

அதற்கப்புறம் இந்த மருத்துவமனையில்
எல்லாருக்கும் கை நடுங்குகிறது.
ஒரு நாளைக்குப் பத்து வில்லையாவது
மேசைக்கடியில் விழுகிறது.
“மன்னிக்கணும் கபித்தலீனா, தவறிடுச்சு,”
சொல்லிக்கொண்டே குனிகிறார்கள், நிதானமாய்.

குனியட்டும்.
சிவப்புக்குள் காலுறை இருக்கிறது,
காலுறைக்குள் விரல்,
இடது சுண்டுவிரல் நகத்தில் மட்டும்
நேற்று ராத்திரி பூசிய பச்சை.